தன் தோளைத் தான் அறியாத் தமிழன்



தோள்வலி பாடிய மரபு நம்முடையது. ஆயினும், ஒரு தோளிலும் கையிலுமாக எத்தனை எலும்புகள் உள என வினவின், நம்மிற் பலர்க்கு வாய் எழாது. எழுந்தாலும் அயன்மொழிப் பெயரே எழும். இது மொழிக்கு மட்டும் நேர்ந்த இழிவன்று. உடலுக்கே ஊறு செய்வது என்பதை என் மாணாக்கன் ஒருவனால் அறிந்தேன்.

பதினேழு அகவையினனாகிய அவன், விளையாட்டிற் கையூன்றி விழுந்தான். மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்தனர், முறிவு தெரியவில்லை. பத்து நாள் கழித்து மீண்டும் வருக என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளொன்றை அவன் தாயிடம் தந்தனர். அதிலிருந்த எலும்பின் பெயரும் அவர்க்கு விளங்கவில்லை. மீண்டும் வரவேண்டிய கரணியமும் விளங்கவில்லை. வலி சற்றே தணியவே, போகாது விட்டனர். சில திங்கள் சென்றபின், மணிக்கட்டிலுள்ள படகெலும்பு முறிந்து ஒட்டாதிருந்தமை தெரிந்தது.

அவ்வெலும்பிற்குக் குருதி பெரும்பாலும் விரற்பக்கத்திருந்தே செல்கின்றது. நடுவில் முறியின், முன்கைப் பக்கத் துண்டு குருதியின்றி மாளக்கூடும். முதல் நாள்களில் முறிவு படத்தில் தெரியாமற் போதலும் உண்டு. ஆனால், கட்டைவிரலை நிமிர்த்து விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டருகே, ஒரு குழி தோன்றும். விழுந்தபின் அக்குழியை அழுத்த வலிப்பின், படகெலும்பை ஐயுறல் வேண்டும். இவ்வளவையும் அத்தாய்க்குத் தமிழில் நான்கே தொடர்களிற் சொல்லியிருக்கலாம் அன்றோ?

அயற்பெயரில் ஏதோ அரும்பொருள் மறைந்துள்ளதென மயங்குவார் கேட்பாராக! காறையெலும்பிற்கு இலத்தீனர் இட்ட பெயரின் பொருள் 'சிறு திறவுகோல்'. முன்கையின் ஆரையெலும்பிற்கு இட்டது 'ஆரக்கால்'. மணிக்கட்டின் எட்டு எலும்புகளுள் ஒன்று படகு, ஒன்று பிறை, ஒன்று பயறு. தோட்பட்டையின் முன்முனையோ காக்கையலகு! அவர் தம் வீட்டுச் சொற்களையே எலும்புக்கு இட்டனர். நமக்கு அத்தகு சொற்கள் இல்லையா? கழுத்தணியாகிய காறை கிடக்குமிடத்து எலும்பைக் காறையெலும்பு என்றனர் நம் முன்னோர். முழம் அளக்கும் கையை முழங்கை என்றனர்.

இனி, நும் வலக்கையால் இடத்தோளைத் தொட்டறிக. தொண்டைக் குழியின் பக்கத்தே தொடங்கிக் காறையெலும்பின்மேல் விரலை ஓட்டின், தோளின் உச்சியை அடையலாம். அவ்வுச்சி தோட்பட்டை எலும்பின் முனை. அதனின்று முதுகுப்புறம் செல்லும் வரம்பும் அவ்வெலும்பினதே. கீழே மேற்கையெலும்பு ஒன்று, முன்கையில் இரண்டு. மணிக்கட்டில் 8, அங்கையில் 5, விரல்களில் 14. தோளின் இரண்டையும் கூட்டின் ஒரு பக்கத்துக்கு 32.

முழங்கையில் மூன்று மேடுகள் தட்டுப்படும்: உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று, பின்னே முழங்கை நுனி. கையை நீட்டின் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும், மடக்கின் முக்கோணமாகும். மேற்கையெலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறியின் இவ்வமைப்பு மாறாது. மூட்டுப் பிசகின் மாறும். விரலால் தொட்டே மருத்துவர் வேறுபாடு காணும் வழி இது. இதனைக் கற்க எந்த அயன்மொழி வேண்டும்?

தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலாதென்பார்க்கு விடை, 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன். மானிப்பாயில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். அவர் ஆண்ட சொற்களிற் பல வடமொழி சார்ந்தவை என்பது குறையே. ஆயினும் அயலாராகிய அவர் திறந்த வழியில் நாம் நடவாதிருப்பது அதனினும் பெருங்குறை.

ஆசிரியப் பெருமக்களே! நாளைய வகுப்பில் மாணாக்கரைத் தம் தோளைத் தொடச் செய்து, எலும்புதோறும் தமிழ்ப் பெயர் சொல்லுவியுங்கள். மருத்துவப் பெருமக்களே! நோயாளர்க்குத் தரும் தாளில் ஊற்ற எலும்பையும், மீண்டும் வரவேண்டிய கரணியத்தையும் தமிழில் எழுதுங்கள்.

கைம்மூட்டுக்கு 'மொழி' என்றும் ஒரு பெயர் தமிழில் உண்டு. மொழி பிசகிய கை எதனையும் ஏந்தாது.