கை மரத்தால் கழுத்தைப் பாருங்கள்!

சிவகாசிக்குப் பக்கத்து ஊர் எம். புதுப்பட்டி. சுற்றுவட்டாரம் எங்கும் பட்டாசு ஆலைகள். பெண்கள் காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போகிறார்கள். சரவெடி பின்னுகிறார்கள். பெட்டி அடைக்கிறார்கள்.

"கை மரத்துப் போகுது" என்று ஒருத்தி சொன்னால், பக்கத்தில் இருப்பவள் என்ன சொல்வாள்?

"நாள் முழுக்கப் பின்னினா மரக்காதாக்கா?" என்பாள். பேச்சு அதோடு முடிந்தது!

வேலையால் மரக்கலாம். சர்க்கரை வியாதியாலும் மரக்கலாம். ஆனால், கோளாறு கழுத்திலும் இருக்கலாம். அதைத்தான் யாரும் நினைப்பதில்லை.

கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி போல இருப்பது தைராய்டு சுரப்பி. அதில் சுரக்கும் நீர் குறைந்தால் உடம்பே மந்தமாகும். அசதி வரும். உடம்பு பருக்கும். முடி கொட்டும். மணிக்கட்டின் உள்ளே வீக்கம் கண்டு, அங்கே ஓடும் நரம்பை நெருக்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும். நடு இரவில் எழுந்து கையை உதற வேண்டியிருக்கும். சிலருக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும்.

இது அபூர்வ வியாதி அல்ல. சென்னை உள்பட 8 நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 100 பேரில் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைவு! பெண்களுக்கே அதிகம்.

சுத்தியல் சொல்லும் சேதி

குதிகால் தசைநாணில் டாக்டர் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுவார். பாதம் துள்ளும். தைராய்டு குறைந்தவருக்கு அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். 1924-லேயே சானி என்ற அமெரிக்க டாக்டர் இதை எழுதி வைத்தார். (100 வருஷம் ஆகிவிட்டது. சுத்தியல் விலை ஏறவில்லை!) இது சுரப்பியின் சேதி. ரத்தப் பரிசோதனைதான் அதை உறுதி செய்யும்.

நரம்பு கெடத் தொடங்கியதா என்பதற்கு வேறு சோதனை. கையில் சிறிது மின்சாரம் செலுத்தி, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். சிலருக்கு, மரப்பு தெரியும் முன்பே வேகக் குறைவு தெரிந்துவிடும். அப்போதே மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் குணம் உண்டு. வருஷக்கணக்கில் விட்டால், நரம்பு முழுதும் திரும்பாமலே போகலாம். மருந்துப் பொருள் புழங்கும் இடத்தில் விரலில் உணர்ச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். எல்லோரையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. அதே போல, தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் சுகாதார நிலையத்திலேயே இரண்டு கேள்வி கேட்கட்டும். யாருக்குச் சோதனை வேண்டும் என்று அதில் தெரிந்துவிடும்.

"ராத்திரி கை மரத்து விழிப்பு வருதா, அம்மா? காலில் இருந்து செருப்புக் கழன்றால் தெரியுதா?"