எண்ணெய் மாறினால் இயந்திரம் படுக்கும்

நீண்ட நாள் ஓடிய லொறி டயரை றிம்மிலிருந்து பிரிப்பது எவ்வளவு சிரமம் என்பதை டயர் கடைக்காரர்கள் அறிவார்கள். விளிம்பு துருவோடு ஒட்டிப்போயிருக்கும். சம்மட்டியால் அடித்தால் றிம் நெளியும். அதனால்தான் ஹைட்ரோலிக் கருவியொன்றை வாங்கினேன்.

சென்ற வருடம் ஒருநாள் அது மக்கர் பண்ணியது. எவ்வளவு பம்ப் அடித்தும் தண்டு பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர், "இது சரிவராது நானா, புதுசு எடுங்க" என்றார்.

எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவானபோது பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அன்று கடனுக்கு இயந்திரம் வாங்கியோர் பலர் இன்னும் அதை மறக்கவில்லை. ஆகவே முதலில் நானே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

அழுத்தம் திறக்கும் திருகு இறுக்கமாகவே இருந்தது. ஹோஸ் இணைப்பும் முழுதாகப் பூட்டியிருந்தது. அது அரைகுறையாக இருந்தால் உள்ளிருக்கும் குண்டு எண்ணெயை மறித்துவிடும். தாங்கியில் எண்ணெய்தான் குறைவு. தண்டை முழுதாக உள்ளே இறக்கிவிட்டே நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும் எண்ணெய்க்கு இடமிருக்காது. பின் சிலிண்டரைப் பம்புக்குக் கீழே, தண்டு கீழ்நோக்கியிருக்கப் பிடித்து, சில தடவை நீட்டிச் சுருக்கினேன். சிக்கியிருந்த காற்று போனது. தண்டு முழுதாக வந்தது.

ஆனால் பாரம் ஏறியதும் வழுக்கியது. பிரித்துப் பார்த்தால் சீல் ஊதியிருந்தது. எண்ணெய் குறைந்ததும் பையன் பிரேக் ஒயில் ஊற்றியிருக்கிறான். ஹைட்ரோலிக் ஒயிலுக்கென்று செய்த சீலை அது ஊதவைத்துவிடும். பிழை அவனுடையதல்ல, சொல்லிக்கொடுக்காத என்னுடையது. பஞ்சிகாவத்தையில் அதே அளவில் சீல் எடுத்து, பழைய எண்ணெயை முற்றாகக் கழுவி மாற்றினோம். புதிய கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

எல்லாவற்றையும் பழுதுபார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. தண்டு வளைந்தாலோ, ஹோஸில் கம்பி தெரிந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். இவற்றுள் பல 10,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இயங்குபவை. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், மட்டை ஒன்றைப் பிடியுங்கள். ஊசிபோல் பாயும் எண்ணெய் தோலுக்குள் இறங்கினால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இக்கருவிகளை இறக்கி விற்கும் நண்பர்களே, சீல்களையும் கூடவே இறக்குங்கள். அது கிடைக்கும் கடையில்தான் அடுத்த கருவியை நான் வாங்குவேன்.