கினோவாவுக்கு ஆண்டிபட்டி முருங்கை!

முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் சோறுதான் பிரதானம். சர்க்கரைநோய் வந்ததும் பலர் தேடுவது கினோவா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் விளைவது இது, 2013-ஐ ஐ.நா. சபை கினோவா ஆண்டாக அறிவித்தது.

'கசக்குதே' என்று ஒதுக்க வேண்டாம். மேல்தோலில் உள்ள சபோனின்தான் காரணம். நுரை அடங்கும்வரை நாலைந்து முறை அலசினால் போதும்.

கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் தாளித்து, 2 கப் தண்ணீர், உப்பு சேருங்கள். கொதித்ததும் ஒரு கப் கினோவாவைப் போட்டு, மூடி, சிறுதீயில் 15 நிமிடங்கள் வேகவிடுங்கள். கடைசி 5 நிமிடங்களில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அதற்குத்தான் ஆண்டிபட்டிப் பக்கம் பஞ்சமே இல்லையே! வெள்ளை வால்போல முளை எட்டிப்பார்த்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

வேகவைக்காத 100 கிராம் கினோவாவில் சுமார் 14 கிராம் புரதம் உண்டு. அரிசியைப்போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால், மாவுச்சத்தும் 64 கிராம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கப் சோற்றுக்குப் பதில் முக்கால் கப் கினோவா, கூடவே காய் என்று அளவாகச் சாப்பிடுவதே நல்லது. மாத்திரையை நிறுத்தக் கூடாது.

விலை கையைக் கடிக்கிறதா? இதே பக்குவத்தில் குதிரைவாலி, சாமையையும் செய்யலாம்.