யாங்கூன் மேடையில் பேசியது என்ன?

சீனாவின் தியான்ஜினில் 2025 ஆகஸ்ட் 31 அன்று மியான்மர் ராணுவ ஆட்சியாளர் மின் ஆங் லைங்குடன் நம் பிரதமர் கைகுலுக்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் ஒரு சந்திப்பு. ஐந்து மாதத்துக்குள் இது இரண்டாவது. 2021 பிப்ரவரி 1 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்து, ஆங் சான் சூகியைச் சிறையில் தள்ளி, வென்ற கட்சியையே கலைத்துவிட்ட ஒருவர் அப்போது தேர்தல் நடத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நேர்மையாகவும் அனைவரையும் உள்ளடக்கியும் நடக்கும் என்று டெல்லி நம்பிக்கை தெரிவித்தது. வென்ற கட்சியே இல்லாத தேர்தலில் யாரை உள்ளடக்குவது? ரோஹிங்யா மக்களுக்கு இழைத்த கொடுமைகளுக்காக இதே மனிதரைக் கைது செய்ய ஆணை கேட்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் 2024 நவம்பரிலேயே மனுப்போட்டுவிட்டார். இந்தச் சந்திப்பு தவறு. அதை எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொல்கிறோம்.

சந்திப்புக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: சீனா, வடகிழக்குத் தீவிரவாதக் குழுக்கள், கலாதான் திட்டம். மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிட்வே துறைமுகத்திலிருந்து பலேத்வா வரை 158 கிலோமீட்டர் ஆற்றுவழி, அங்கிருந்து மிசோரம் எல்லைக்கு 109 கிலோமீட்டர் சாலை. 2008-ல் ஒப்பந்தம் போட்ட இந்தத் திட்டத்தில் துறைமுகம் 2023 மே மாதம்தான் திறந்தது. அடுத்த ஜனவரியில் பலேத்வாவை அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழு பிடித்துக்கொண்டது. 2025 நிலவரப்படி, சிட்வே இருக்கும் ரக்கைன் மாநிலத்தின் 17 நகரியங்களில் 14 அவர்கள் கையில். இந்த வழியில் சிட்வே நகரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் ஜெனரலால் ஒரு சரக்குப் படகைக்கூட மிசோரம் பக்கம் அனுப்ப முடியாது. எல்லையோரச் சின் மாநிலத்தின் பெரும்பகுதியும் அவர் பிடியில் இல்லை. கணக்கு பார்த்துச் செய்கிற ராஜதந்திரம் என்றால், நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் அல்லவா டெல்லி பேச வேண்டும்?

கணக்கு உதைக்கிறது. ஆகவே வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது. அது என்னவென்று இத்தனை ஆண்டுகளாக யாரும் வெளிப்படையாகப் பேசாததுதான் நம் கோபம்.

2017 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் மியான்மரின் யாங்கூனில் ‘சம்வாத்’ என்ற மாநாடு நடந்தது. மோதலைத் தவிர்ப்பது, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்று அதற்குப் பொருள் வைத்திருந்தார்கள். இதன் முதல் கூட்டம் 2015 செப்டம்பரில் டெல்லியிலும் புத்தகயாவிலும் நடந்தபோது இந்து, பௌத்த முயற்சி என்றே பெயர். இந்தியத் தரப்பில் நடத்தியது விவேகானந்தா சர்வதேச அறக்கட்டளை. கன்னியாகுமரியில் தலைமையிடம் வைத்திருக்கும் விவேகானந்தா கேந்திரத்தின் சார்பில் 2009-ல் டெல்லியில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அது. 2014-ல் ஆட்சி மாறியதும் அதன் பொறுப்புகளில் இருந்தவர்கள் பிரதமர் அலுவலகத்திலும் தேசப் பாதுகாப்பின் உச்சப் பதவியிலும் அமர்ந்தார்கள். மியான்மர் தரப்பில் இடம் கொடுத்து நடத்தியது சித்தகு சயாடோ என்ற மூத்த பிக்குவின் கல்வி நிறுவனம். மதங்களுக்கு இடையிலான வெறுப்பை உரையாடல் ஒன்றே அறுக்கும் என்று நம் பிரதமர் அந்த மேடைக்குக் காணொளியில் செய்தி அனுப்பினார்.

அடுத்து நடந்ததைத் தேதிவாரியாகப் படியுங்கள். ஆகஸ்ட் 25 அன்று ரோஹிங்யா ஆயுதக் குழு ஒன்று காவல் சாவடிகளைத் தாக்க, அதைச் சாக்காக வைத்து ராணுவம் கிராமம் கிராமமாகக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 5 முதல் 7 வரை, நம் பிரதமர் மியான்மரில் இருந்தார். பகானின் ஆனந்தா கோயிலுக்கும் யாங்கூனின் ஷ்வேதகோன் பகோடாவுக்கும் போனார். தீவிரவாத வன்முறை பற்றிய மியான்மரின் கவலையில் பங்குகொள்வதாகச் சொன்னார். விரட்டப்பட்டவர்களின் பெயரைச் சொல்லவில்லை. அதே செப்டம்பர் 7 அன்று இந்தோனேசியாவின் பாலியில் உலக நாடாளுமன்ற மன்றம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதில் ரக்கைன் வன்முறை பற்றிய குறிப்பு இருந்ததால், மக்களவைத் தலைவர் தலைமையில் போன நம் குழு அதிலிருந்து விலகிக்கொண்டது.

அக்டோபர் 30. ஆகஸ்டில் சம்வாத் மேடைக்கு விருந்தோம்பிய அதே சித்தகு சயாடோ, கயின் மாநிலத்தில் ராணுவ அதிகாரிகள் முன் உபதேசம் செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கதை மகாவம்சத்திலிருந்து வந்தது. தமிழ் வாசகருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, இத்தனை உயிரைக் கொன்றோமே என்று வருந்துகிறான். எட்டு அரகந்தர் வந்து தேற்றுகிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மும்மணியில் சரணடைந்தவன் ஒருவன், பஞ்சசீலமும் ஏற்றவன் இன்னொருவன், மற்றவர்கள் மனிதக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அந்தக் கதையில் மனிதக் கணக்கில் வராமல் கிடந்த பிணங்கள் தமிழருடையவை. தமிழரைக் கொன்ற குற்றம் தீர எழுதிய ஒரு சமாதானத்தை, பதினைந்து நூற்றாண்டு கழித்து, ரோஹிங்யா குழந்தைகளைக் கொன்ற படைக்கு ஒரு துறவி எடுத்துக் கொடுத்தார். அவரோடுதான் மூன்று மாதத்துக்கு முன் நம் நாட்டின் பெயரால் வெறுப்பை ஒழிப்பது பற்றிப் பேசிவிட்டு வந்தார்கள்.

அந்தச் சொற்பொழிவுக்குப் பிறகாவது இங்கிருந்து போனவர்களில் ஒருவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும். நாமறிய யாரும் வாய் திறக்கவில்லை.

இதில் மறைவு எங்கே இருக்கிறது, மாநாடு ஊரறிய நடந்ததுதானே என்று கேட்பார்கள். மேடை ஊரறிந்தது. மேடைக்குப் பின்னால் என்ன பேசினார்கள், யார் யாரிடம் என்ன உறுதி கொடுத்தார்கள், அது எந்தக் கோப்பில் ஏறியது என்பதற்குக் கணக்கு கேட்க நமக்கு வழியில்லை. தூதர் பேசினால் குறிப்பு எழுதுவார். அமைச்சர் ஒப்பந்தம் போட்டால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். அறக்கட்டளைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை; மத நல்லிணக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் கேள்வி கேட்பவனே மதத்துக்கு விரோதி ஆகிவிடுகிறான். அமெரிக்காவிலும் இதே வழிதான். வாஷிங்டனில் 1953 முதல் தேசியப் பிரார்த்தனைக் காலை விருந்து நடக்கிறது. அதன் பின்னால் இருந்த ‘ஃபெல்லோஷிப்’ என்ற கிறிஸ்தவக் குழு, பிரார்த்தனை நட்பு என்ற பேரில் இந்தோனேசியாவின் சுகார்த்தோவையும் சோமாலியாவின் சியாத் பாரேயையும் அமெரிக்க அரசியல்வாதிகளோடு நெருக்கமாக்கியதை ஜெஃப் ஷார்லட் 2008-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அங்கே அப்படி ஒரு புத்தகமாவது வந்தது.

புத்தம் நமக்கு அந்நியம் அல்ல. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் கிளை நடத்திய பரம்பரை நம்முடையது. பெங்களூரின் ஒக்கலிபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், காந்திநகரில், 1956 முதல் மகாபோதி சங்கம் இருக்கிறது. விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அந்தச் சங்கம் செய்த உதவி இந்த நகரத்துக்குத் தெரியும். நாம் எதிர்ப்பது புத்தரின் பெயரை ஜெனரல்களுக்குக் கவசமாகப் பூட்டிவிடுபவர்களை.

பூட்டிவிடுவது இவர்களுக்குப் புதிதும் அல்ல. 2012 செப்டம்பர் 21 அன்று மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில் பௌத்தப் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்ட அன்றைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சேயைக் கூப்பிட்டார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றே ஆண்டு. வைகோவும் தொண்டர்களும் தமிழ்நாட்டிலிருந்து பேருந்துகளில் கிளம்பிப் போய், மத்தியப் பிரதேச எல்லையில் தடுக்கப்பட்டு, சாலையிலேயே உட்கார்ந்தார்கள். சேலத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் தீக்குளித்து உயிரை விட்டார். விழா நடந்தது. 2013 பிப்ரவரி 8 அன்று அதே ராஜபக்சே புத்தகயாவுக்கும் திருப்பதிக்கும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பதினோராம் நாள், மணல்மூட்டை அரணுக்குள் அமர்ந்து எதையோ தின்றுகொண்டிருந்த, பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படம் வெளியானது. பக்கத்திலேயே, மார்பில் குண்டுத் துளைகளோடு கிடந்த அதே பிள்ளையின் படம். 2020 செப்டம்பரில் பௌத்த உறவை வளர்க்க இலங்கைக்கு 15 மில்லியன் டாலர் அறிவித்தார்கள். ஆறு மாதம் கழித்து, 2021 மார்ச் 23 அன்று, ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். ஒரு கட்சியின் ஆட்சி என்று இதைச் சுருக்க வேண்டாம். சாஞ்சி விழாவின்போதும் ராஜபக்சே புத்தகயா வந்தபோதும் டெல்லியில் வேறு ஆட்சி. சாஞ்சியில் அழைத்தது மாநிலத்தில் ஆண்ட கட்சி. வழிபாட்டுத்தலத்தை முன்னால் வைத்தால் எந்தக் கொலைக்கும் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதில் எல்லோரும் ஒன்று.

பர்மாத் தமிழருக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின், கடைகளும் சொத்துகளும் தேசவுடைமையாகி, 1964 மே மாதம் பெரிய நோட்டுகளும் செல்லாமல் போய், லட்சக்கணக்கானவர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அன்றும் டெல்லி ஜெனரலின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டது. மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று நடந்த சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கி, ஊரும் கோயிலும் கட்டினார்கள். அந்த மோரேத் தமிழ் இளைஞர்கள் இருவர், 2022 ஜூலை 5 அன்று எல்லைக்கு அப்பால் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழி விழுந்தது ராணுவத்துக்கு ஆதரவான பியூ சோ தீ ஆயுதக் கும்பல் மீது. சகாயிங் பகுதியில் அந்தக் கும்பலுக்கு ஆள் திரட்டுவதில் சில தீவிர தேசியவாத பிக்குகளே முன்னால் நின்றார்கள். தமிழன் உயிர் போன இடத்தில்கூட இந்தத் துறவி, துப்பாக்கிக் கூட்டு வந்து நிற்கிறது. அந்த இருவருக்காகத் தியான்ஜினில் ஒரு சொல் பேசினார்களா?

இதே சகாயிங்கில் 2023 ஏப்ரல் 11 காலையில் பாஜிஜி கிராமத்து மக்கள் ஓர் உள்ளூர் நிர்வாக அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தார்கள். விமானம் வந்து குண்டு போட்டது. ஹெலிகாப்டர் திரும்பி வந்து எஞ்சியவர்களைச் சுட்டது. 160-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். ஒன்பது நாள் கழித்து டெல்லியில் உலக பௌத்த உச்சி மாநாடு கோலாகலமாகத் தொடங்கியது.

இதில் பெங்களூருக்கு என்ன என்று கேட்பவர்கள் ஜாலஹள்ளிப் பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் மியான்மர் ராணுவத்துக்குப் போன ஆயுதத் தளவாடங்களில் இந்தியாவிலிருந்து போனவை 51 மில்லியன் டாலர் என்று ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் எழுதினார். அவர் பெயர் குறிப்பிட்ட நிறுவனங்களில் நம் ஊர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் உண்டு. முந்தைய சிவில் அரசுக்குக் கொடுத்த வாக்கைத்தான் நிறைவேற்றினோம் என்பது அரசின் பதில். அந்தச் சிவில் அரசைச் சிறையில் போட்டவனிடமே சரக்கை ஒப்படைப்பது எந்த வாக்கு? தலைமுறை தலைமுறையாகத் தமிழரும் கன்னடரும் சேர்ந்து உழைத்து வளர்த்த தொழிற்சாலையின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது நம்மைச் சுடுகிறது. தொழிலாளியைக் கேட்டுவிட்டு யாரும் கப்பலில் ஏற்றவில்லை.

இனிமேலாவது இந்த மறைவான வாசலில் வெளிச்சம் விழ வேண்டும். எந்த மத அமைப்பு, எந்த நாட்டு ஆட்சியாளருக்கு, யார் சார்பில் தூது போகிறது என்பதை நாடாளுமன்றம் தெரிந்துகொள்ள ஏதாவது ஒரு முறை வந்தாக வேண்டும். பெங்களூரிலிருந்து மக்களவைக்குப் போயிருப்பவர்கள் முதல் கேள்வியை எழுப்பட்டும்: 2017 ஆகஸ்டில் யாங்கூனில் நம் பெயரால் என்ன பேசினீர்கள், அக்டோபரில் அந்த ஒன்றரை மனிதர் கதையைக் கேட்டபின் ஏன் ஊமையானீர்கள்?