போர்க்களத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

வாஷிங்டனிலிருந்து நயாகரா போகும் குழுக்களுக்கு வழியில் கெட்டிஸ்பர்க்கையும் காட்டலாம் என்று நினைக்கும் ஏற்பாட்டாளர்களை மனதார வரவேற்கிறோம். தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கோச்சில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஒன்றரை மணி நேரம், நாலு சிலை, ஒரு குரூப் போட்டோ என்று நிரலில் ஒரே வரியில் முடிப்பதாக இருந்தால் அந்த ஊரை விட்டுவிடுவதே மேல். கோயிலோ கோட்டையோ போய் நின்றவுடன் கண்ணில் நிறையும். போர்க்களத்தில் தெரிவது வயலும் மேடும் வேலியும்தான். நடந்ததை நடந்த வரிசையில் காட்டினால் மட்டுமே அவை பேசும். அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒன்றியப் படையும் தென்னகப் படையும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் மோதிய களம் இது. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 51,000 பேர். அன்று அந்த ஊரின் மக்கள்தொகையே 2,400தான். இன்று போர்க்களப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 6,000 ஏக்கர். நினைவுச் சின்னங்களும் குறிப்புக் கற்களும் 1,300க்கு மேல். எல்லாவற்றையும் காட்ட முயன்றால் எதுவும் மனதில் நிற்காது.

பலரும் செய்யும் தவறு, காட்சி நன்றாக இருக்கிறது என்று லிட்டில் ரவுண்ட் டாப் குன்றிலிருந்து தொடங்குவது. அது இரண்டாம் நாள் கதை. ஊருக்கு மேற்கே மெக்ஃபெர்சன் மேட்டில் தொடங்குங்கள். பத்துச் சாலைகள் கூடும் ஊர் கெட்டிஸ்பர்க். அதனால்தான் இரு படைகளும் அங்கே மோதிக்கொண்டன. ஒன்றியப் படையின் குதிரைப்படைத் தளபதி ஜான் புஃபோர்ட், பின்னால் வரும் காலாட்படைக்கு நேரம் வாங்கித் தர இந்த மேடுகளில்தான் எதிரியைத் தடுத்து நின்றார். உதவிக்கு வந்த ஜெனரல் ரெனால்ட்ஸ் இங்கேயே சுடப்பட்டு இறந்தார். மாலைக்குள் ஒன்றியப் படை ஊருக்குள் புகுந்து பின்வாங்கி, தெற்கே உள்ள குன்றுகளில் ஏறிக்கொண்டது.

அந்தத் தோல்வியே அவர்களுக்கு நல்ல இடத்தைத் தந்தது. கல்ப்ஸ் குன்றில் வளைந்து, செமெட்டரி மேட்டில் நீண்டு, தூண்டில் முள்ளைப் போல் அமைந்த வரிசை அது. அவர்களின் தளபதி மீட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்களைக் குறுக்கே விரைவாக அனுப்ப முடிந்தது. வெளியே சுற்றி நின்ற லீயின் தென்னகப் படைக்குத் தூரம் அதிகம். இதை மட்டும் குழுவுக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு லிட்டில் ரவுண்ட் டாப்பில் ஏற்றுங்கள். அந்தக் குன்று ஆளில்லாமல் கிடப்பதைப் பொறியாளர் வாரன் ஏன் பதறிப்போய்க் கண்டார், வின்சென்ட்டின் படையணி ஏன் ஓடிவந்தது, இடக்கோடியில் நின்ற மெய்ன் 20ஆம் ரெஜிமென்ட் ஏன் நகரக்கூடாது என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள்.

கற்களைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். ரெஜிமென்ட் சின்னங்களுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி, புல்லில் முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கற்கள் நிற்கும். ஒன்று அந்த ரெஜிமென்ட்டின் இடக்கோடி, மற்றது வலக்கோடி. குழுவை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கல்லிலும் பாதிப் பேரை நிறுத்துங்கள். ஒரு ரெஜிமென்ட் எவ்வளவு இடத்தைக் காத்தது என்பது உடனே விளங்கும். படையணிகளின் வெண்கலப் பலகைகளிலும் ஒரு குறிப்பு உண்டு: பீடம் சதுரமாக இருந்தால் ஒன்றியப் படை, வட்டமாக இருந்தால் தென்னகப் படை. இது தெரிந்த பிறகு பிள்ளைகள் கோச் ஜன்னலிலிருந்தே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நாளில் ஒரே ஒரு நடை வையுங்கள். அது மூன்றாம் நாள் வயலாக இருக்கட்டும். குதிரைமேல் லீ அமர்ந்திருக்கும் வர்ஜீனியா நினைவுச் சின்னத்திலிருந்து எதிரே உள்ள மரத்தோப்பு வரை ஒன்றரை கிலோமீட்டர். பிக்கெட்டின் தாக்குதல் என்று பேர்பெற்ற அணிவகுப்பில் தென்னகப் படையினர் சுமார் 12,500 பேர் இந்த வெட்டவெளியைக் கடந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். கோச்சிலிருந்து பார்த்தால் வயல் சமதளம்போலத் தெரியும். நடந்தால் நிலம் தாழ்ந்து எழுவது தெரியவரும். ஒரு தாழ்வில் இறங்கும்போது எதிர்மேடு மறையும். ஏறியதும் முன்னைவிடப் பக்கத்தில் நிற்கும். எம்மிட்ஸ்பர்க் சாலையின் வேலி வந்ததும் நில்லுங்கள். பீரங்கிகள் எதிரே இருக்க, ஏறிக் குதிக்க வேண்டியிருந்த வேலி அது. நடக்க முடியாத பெரியவர்களை கோச்சில் தோப்புப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். வருகிறவர்களை அங்கிருந்து பார்ப்பதே அவர்களுக்குப் பாடம்.

சொல்லும் கதைகளில் கவனம் தேவை. டெவில்ஸ் டென் பாறைகளுக்கிடையே இறந்துகிடக்கும் வீரனின் படம் உலகப் புகழ் பெற்றது. புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு உடலை வேறிடத்திலிருந்து தூக்கிவந்து கிடத்தி எடுத்த படம் அது என்பதை ஆய்வாளர் வில்லியம் ஃபிராசானிட்டோ 1975இல் நிறுவினார். சிலைக் குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரர் காயம்பட்டவர் என்ற கதையும் நிற்காது. 1998இல் வைத்த தென்னகத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் சிலையில் குதிரை கால் தூக்கியிருக்கிறது. அவர் அங்கே காயம்படவில்லை. உண்மையே போதுமான கனமுள்ளது. அலங்காரம் வேண்டாம்.

போர் எதற்காக என்பதைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் சொல்வது பெரிய குறை. அடிமைமுறையே காரணம். செமெட்டரி மேட்டில் ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் சிறு வெள்ளை வீடு இருக்கிறது. தென்னகப் படை பென்சில்வேனியாவுக்குள் வந்தபோது சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தெற்கே கொண்டுபோனது. அந்த வீட்டின் முன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். கடைசியாகத் தேசியக் கல்லறைக்குப் போங்கள். அங்கே 3,500க்கும் மேற்பட்ட ஒன்றியப் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் பெயர் தெரியாதவர்கள். 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் இந்த மேட்டில் இரண்டு நிமிடம் பேசினார். ‘மக்களால், மக்களுக்காக, மக்களுடைய ஆட்சி’ என்று நம் பாடநூல்கள் சொல்லிக்கொடுத்த ஜனநாயக வரையறை இங்கே ஒலித்தது என்றதும் குழு தானாக நெருங்கி நிற்கும்.

ஏற்பாடுகள் சில. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்கும், போரைக் காட்டும் 377 அடி நீளமுள்ள வட்ட ஓவியத்துக்கும் சீட்டு உண்டு. காலையில் முதலில் அவற்றை முடியுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் 1915 முதல் தேர்வெழுதி வருகிறவர்கள், கோச்சிலேயே ஏறிக்கொள்வார்கள். முன்பதிவின்போதே குழு தமிழ்க் குழு, அமெரிக்க வரலாறு புதிது, இடையிடையே நிறுத்திப் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டூர் மேனேஜர் தமிழில் சொல்லும் நேரத்தையும் நிரலில் சேர்க்க வேண்டும். உள்சாலைகள் சில குறுகலானவை. கோச் போகும் வழியைப் பூங்கா அலுவலகத்திடம் உறுதிசெய்யுங்கள். ஜூலையில் புழுக்கம் கடுமை. இலை உதிர்ந்த பருவத்தில் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். புல்லில் உண்ணிகள் இருப்பதால் முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். சின்னங்கள்மேல் ஏறவோ, மண்ணிலிருந்து எதையும் எடுக்கவோ கூடாது.

அடுத்த பருவத்துக்கான பேக்கேஜ்களை வடிவமைக்கும் நேரம் இது. முழு நாள் ஒதுக்கும்போது ஒரு இரவுத் தங்கல் கூடினால் விலையும் கூடும் என்பதை அறிவோம். கூடும் தொகையை மறைக்காமல் பயணிகளிடம் காரணம் சொல்லுங்கள். ஒரே நாளில் ஐந்து இடம் என்று விளம்பரம் செய்வதை நிறுத்தி, ஓர் இடத்தைப் புரியும்படி காட்டுவோம் என்று சொல்லி விற்கலாம். அப்படி விற்கத் துணியும் நிறுவனங்கள்தாம் நம் தொழிலுக்கு மதிப்பைத் தேடித்தரும்.