அலமாரியில் மிச்சமான மருந்து

புற்றுநோயில் வாடும் தகப்பனாருக்கு ஆஸ்பத்திரியில் மார்பின் கொடுக்கிறார்கள். அவர் கண்ணை மூடிய பிறகும் மாத்திரை அலமாரியில் கிடக்கிறது. பால் வாளி சுமந்து இடுப்பொடிந்த மகன் ஒன்றைப் போட்டுக் கொள்கிறான். அண்டை வீட்டாருக்கும் இரண்டு கொடுக்கிறான். பண்டமாரானில் நம்மவர் இதை உதவி என்றே எண்ணுவர். சட்டம் அப்படி எண்ணுவதில்லை.

1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டப்படி, அனுமதியின்றி மார்பின் வைத்திருப்பது குற்றம். அபராதம் ஒரு லட்சம் ரிங்கிட் வரை, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எடை 2 கிராமைத் தொட்டால் இரண்டு முதல் ஐந்தாண்டு சிறையும், மூன்று முதல் ஒன்பது பிரம்படியும். 'கொடுத்தல்' என்பதும் அச்சட்டத்தில் கடத்தலின் பொருளில் அடங்கும்! பொருள் ஒருவர் வசம் இருந்தால், அது இன்னதென்று அறிந்தே வைத்திருந்தார் என்று 37ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே.

இரண்டு கிராம் பெரிய அளவென்று நினைக்க வேண்டாம். கிராணிமார் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: 60 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, முப்பது நாளைக்கு 3.6 கிராம். நோயாளி உயிரோடு இருக்கையில் அது வைத்தியம். மறுநாள் அதே டப்பா வழக்குப் பொருள்.

விஷ வியாபாரிகளுக்கு நாம் பரிந்து பேசவில்லை. நம் வாலிபர்களைச் சீரழிப்போர் மீது சட்டம் பாயட்டும். (1910 முதல் சண்டு விற்றுக் கஜானா நிரப்பிய ஆங்கில ஆட்சியே 1952இல் இச்சட்டத்தையும் இயற்றியது என்பது வேறு கதை.) ஆனால் வியாபாரியையும் துக்க வீட்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. இறந்தவரின் மருந்தை ஒப்படைக்கக் குடும்பத்தாருக்குத் தவணை தந்து, அதுவரை வழக்கில்லை என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டுமென்று கேட்கிறோம். மருந்து கொடுக்கும்போதே இவ்விபரத்தைத் தமிழிலும் சொல்ல வேண்டும்.

அதுவரை தோழர்கள் செய்ய வேண்டியது: டாக்டர் சீட்டையும், பெயர் ஒட்டிய உறையையும் மருந்தோடு வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். மிச்சத்தை அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக் கொள்வார்கள். இடுப்பு வலிக்கு உங்கள் பெயரில் சீட்டு வாங்குங்கள்.