குறைகளும் நினைவில் நிற்க வேண்டும்

"பழைய கைப்பேசியே சிறந்தது, கீழே விழுந்தாலும் உடையாது" என்று வீட்டுப் பெரியோர் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று.

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கொல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஊரிலிருந்து தாய் அழைத்தாலும், செலவை எண்ணி எடுக்கத் தயங்கியோர் உண்டு. 2003ஆம் ஆண்டில்தான் அந்நிலை மாறியது. ஒரு குறுஞ்செய்தியில் 160 ஆங்கில எழுத்துகளே அடங்கின. தமிழில் எழுதப் பல கருவிகளில் வழியே இல்லை.

காலம் செல்லச்செல்ல மனம் இடர்களை மறந்து, இனியவற்றை மட்டும் போற்றுகிறது. இது மனித இயல்பே. ஆயினும், குறைகளை மறப்போர் அவற்றைக் களைய உழைத்தோரையும் மறந்துவிடுகின்றனர். இன்றைய கருவிகளின் குறைகளும் ஒருநாள் நீங்கும் என்னும் நம்பிக்கையை இழக்கின்றனர். எனவே, பெரியோர் பழைய கைப்பேசியைப் புகழும்போது, "அதில் இருந்த குறை என்ன?" என்றும் மாணவர் பணிவுடன் கேட்டறிதல் நன்று.